கல்லூரிக் கூடத்துப் புதுக் கம்பி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு, ஐப்பசி. மழை விட்ட மாலை, மணி ஏழு. காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகும் சாலை. ஊர் எல்லையைத் தாண்டினால் விளக்கே கிடையாது... சைக்கிள் சங்கிலியின் கிறீச்சொலி மட்டும்.

இன்னும் நெருங்கி உட்காருங்கள். அந்தச் சைக்கிளில் போனவர் என் நண்பர் தனசேகரனின் தாய்மாமன் இளங்கோவன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று மேடைதோறும் முழங்கியவர்.

சாலையின் கோடியில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடம். கல்லூரி வேறிடம் போய்விட, பத்தாண்டாகப் பூட்டிக் கிடந்தது. கோபுரத்துக்கு விளக்குப் போடப் பணம் புரளும் ஊரில், படித்த பிள்ளைகள் வேலை செய்ய ஒரு கூரை கிடையாதா என்று கேட்டுக் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அந்தக் கட்டடத்தை அவர் வாங்கினார். டிரான்சிஸ்டர் வானொலி செய்யும் தொழிற்கூடம். இது ஒன்று வேரூன்றினால் சுற்றிலும் பத்துத் தொழில் முளைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆணும் பெண்ணுமாக இருபது இளைஞர்கள் பயிற்சி முடித்துக் காத்திருந்தனர். மறுநாள் காலை சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். கூடம் இயங்குவதைக் கண்ணால் பார்த்தால் அனுமதி. இல்லையென்றால் எல்லாம் வேறு ஊருக்கு.

உள்ளே குமாரசாமி ஒயரிங் முடித்திருந்தான். தறியை விட்டு இந்த வேலைக்கு வந்தவன், இருபது பேரில் ஒருவன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. இளங்கோவன் சுவரைப் பார்த்தார். கல்லூரிக் காலத்து, துணி சுற்றிய கம்பி... அதன் நுனியோடு புதுக் கம்பி முறுக்கப்பட்டிருந்தது.

“பழசை அறுத்து எறியச் சொன்னேனேப்பா.”

“தறியில புதுப் பாவு நூலைப் பழைய பாவு நுனியிலதானேண்ணா பிணைப்போம். பழக்கத்துல கை அப்படியே பூட்ச்சு.”

“இது தறி இல்லடா. செத்த கம்பியோட எதுக்கு உறவு கொண்டாடுற?”

குமாரசாமி சிரித்தான். விளக்கு மங்கியது. சுண்ணக்கட்டித் தூளின் வாடை... நனைந்த குடைத்துணியின் வாடை...

மேசையில், முதுகு திறந்தபடி ஒரு வானொலி. பேட்டரி இன்னும் போடவில்லை. அது கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு பெயர்கள்... முன்பின் கேட்டறியாத பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மௌனம். அதன்பின், தொலைவிலிருந்து, “உள்ளேன் ஐயா.”

இளங்கோவன் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துப் பிணைப்பை வெட்டினார். விளக்கு அணைந்தது. குரல் நிற்கவில்லை.

“குமாரசாமி” என்றது.

“உள்ளேன் ஐயா.” பக்கத்தில் நின்றவன், விறைத்து நிமிர்ந்திருந்தான்.

“வடிவாம்பாள்.” பயிற்சி முடித்த பெண்களில் ஒருத்தி. அவள் அந்நேரம் ஊருக்குள், தன் வீட்டில் இருந்தாள். பதிலோ வானொலியிலிருந்து வந்தது... அவள் குரலில். இருபது பெயரும் தீர்ந்த பிறகே அடங்கியது.

திரும்பும்போது குமாரசாமியைச் சைக்கிளில் ஏறச் சொன்னார். அவன் ஏறவில்லை. “நடந்தே வந்துர்றேண்ணா” என்றான்.

விடியுமுன் இளங்கோவனே பழைய கம்பியைப் பிடுங்கி எறிந்து, புதிதாக இழுத்து, விளக்கை எரியவிட்டார். அதிகாரி வந்தார். இருபது பேரும் வந்திருந்தனர். கருவிகளைக் கையில் பிடித்து, அவரவர் முக்காலி அருகே நின்றனர்.

“உட்கார்ந்து தொடங்குங்கள்” என்றார் அதிகாரி.

ஒருவரும் உட்காரவில்லை. மீண்டும் சொன்னார். அசையவில்லை.

“வேலையில் சேருமுன்பே வேலைநிறுத்தமா, மிஸ்டர் இளங்கோவன்?”

கார் போய்விட்டது. ஆண்டுக்கணக்கான உழைப்பு, சேற்றில் இரண்டு சக்கரத் தடமாக முடிந்தது. யாரோடு வாதிடுவது? எந்த மேடையில் ஏறி முழங்குவது? இளங்கோவன் நெஞ்சு கொதிக்க உள்ளே வந்து, ஒரு முக்காலியை வடிவாம்பாள் முன்னால் இழுத்துப் போட்டார்.

“உட்காந்து தொலைச்சா என்னம்மா? கால் கடுக்கலையா?”

“கடுக்குதுண்ணா. நேத்து சோறு துன்னுக்கினு இருந்தேன். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. எழுந்து, ‘உள்ளேன் ஐயா’ன்னேன்.” அவள் முக்காலியை ஒருமுறை பார்த்தாள். “அவரு இன்னும் உக்காரச் சொல்லலையேண்ணா...”