பெரிய மீனை மட்டும் காட்டியவர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன்பிடிக்காரர் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“அந்தப் பிள்ளைக்கு நாங்க குஞ்சு மீனையும் காட்டியிருக்கணும், மச்சான்.”

“எந்தப் பிள்ளை?”

“ஆராய்ச்சிக்கு மீன் அளக்க வந்த மிஸ். குஞ்சையும் அள்ளுற சின்னக் கண் வலையத் தடை செஞ்சிடுவாங்க எண்டு பயந்து, அவ கரைக்கு வர முந்தியே குஞ்செல்லாத்தையும் தார்ப்பாய்க்குக் கீழ ஒளிச்சிட்டம். பெரிய மீன மட்டும்தான் அளந்தா.”

“பிறகு?”

“மீன் நல்லா வளருது எண்டு ரிப்போர்ட் எழுதிட்டா. அத நம்பி இன்னும் கன படகுக்கு லைசன் குடுத்தாங்க. இப்ப வலை போட்டா பொலித்தீன்தான் வருது.”

மற்றவர் பம்பலப்பிட்டி தாண்டியதும் கேட்டார்:

“உங்கட மீனவர் சங்கத்தில என்ன சொல்றாங்க?”

“ஆராய்ச்சி பிழையாம். அந்த மிஸ்ஸுக்கு எதிரா பெட்டிசன் போடுறாங்க.”

“நீயும் சைன் வச்சியா?”

அவர் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

“நான்தானே தலைவர். முதல் சைன் என்டதான்.”