கீழ்வீடு ஒத்திக்கு

— வீட்டைத் தாராளமா எடுத்துக்கலாம் விக்னியோ சார், யாரு வேண்டாங்கறது. வாசல்ல நிக்கிற தென்னை மட்டும் வேற ஆளோடது.

— சுத்தான் பெரியவரே, மண்ணு உங்க குடும்பத்து மண்ணு. அதுல நிக்கிற மரம் எப்படிங்க வேற ஆளோடதாகும்?

— நட்டவன் வேற ஆளு. அதுல குத்தம் சொல்ல முடியாது. காய் அவனுக்கு, நிழல் உங்களுக்கு. காய் உங்க தலையில விழுந்தா வீக்கம் உங்களுக்கு, காய் அப்பவும் அவனுக்குத்தான்.

— சரி, தேங்காயைக் கடையில வாங்கிக்கறேன். குளம்?

— குளம் உங்களுக்கு. மீனு என் கொழுந்தியாளுக்கு. நீங்க தினம் தீனி போடலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க. உங்களைக் கண்டதும் மீனு வாயைத் தொறந்துக்கிட்டு ஓடி வரும். அந்தப் பாசம் பூரா உங்களோடது, அதுல யாரும் பங்கு கேக்க மாட்டாங்க.

— பெரியவரே, நான் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன். வண்டி வருமா, வராதா, அது தெரிஞ்சா போதும் எனக்கு. என் சம்சாரத்துக்கு மூச்சுத் தொந்தரவு. குளுந்த மலையூரா பாருங்கன்னு டாக்டர் சொன்னதும் ஜாவாவுல, செமாராங்ல இருந்த வீட்டை வித்துட்டேன். அவ இப்போ தங்கச்சி வீட்டுல, ரோட்டோரம், லாரிப் புகையில கெடக்கறா. உங்க வீட்டம்மா கீழ்வீட்டை ஒத்திக்குத் தர்றோம்னு சொல்லி அனுப்பினாங்க. பணம் திருப்புற வரைக்கும் நாங்க இருந்துக்கலாம்னாங்க. கடல் தாண்டி வந்திருக்கேன். வருமா, வராதா?

— வரும், வரும். ரோஸ்னிடார் சந்தைக்குப் போயிருக்கா. வந்ததும் அவகிட்டயே பேசிக்குங்க. அதுவரைக்கும் ஊரைப் பத்தி நாலு வார்த்தை தெரிஞ்சுக்கறது நல்லதுதானே. குளுந்த காத்து வேணும்னீங்க. குளுரு இருக்கு, இல்லேன்னு சொன்னா பாவம். ஆனா பனி கொஞ்சம் தடிமன். போன மழைக்காலத்துல ஈரச் சட்டையைக் கொடியில போடறேன்னு பனி மேலேயே போட்டுட்டேன். வெயில் வந்ததும் பனி நகர்ந்து ஏரிக்கு அந்தாண்ட போயிடுச்சு. அந்தக் கரைக்காரன் ஒருத்தன் இன்னிக்கும் என் சட்டையைப் போட்டுக்கிட்டு தொழுகைக்குப் போறான்.

— பாயிண்டுக்கு வாங்க.

— அதுதான் பாயிண்டு. மூச்சுத் தொந்தரவுக்காரங்க அந்தப் பனியைக் கத்தியால அறுத்துத்தான் உள்ளே இழுக்கணும்.

— பஸ்ஸைவிட்டு இறங்கினப்பவே நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அண்டை அயல் எப்படி?

— அன்பான ஜனம். கதவைப் பூட்டினா மட்டும் கோவிச்சுக்குவாங்க. நீங்க தூங்கும்போது வந்து கால்மாட்டுல உக்காந்து, ஏன் இந்நேரத்துல தூங்கறீங்கன்னு விசாரிப்பாங்க. கல்யாணம்னா புதுசா வந்தவன்தான் ரெண்டாங் கறி கிண்டணும். எருமைக் கறி, தேங்காய்ப் பால் சுண்டற வரைக்கும் கரண்டியைக் கீழ வைக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாத்தலாகி வந்தார். அவர் கிண்ட ஆரம்பிச்சப்ப பொண்ணுக்கு மருதாணி வெச்சாங்க. அண்டாவை இறக்கினப்ப அவ குழந்தைக்குப் பேர் வெச்சுட்டாங்க.

— கறி எப்படி இருந்துச்சாம்?

— இன்னும் கொஞ்சம் கிண்டியிருக்கலாம்னாங்க.

— இதெல்லாம் நான் சமாளிச்சுக்குவேன், சுத்தான். சரக்கு வண்டி தடம் புரண்டப்பவே சமாளிச்சவன்.

— அப்போ மேடான் பட்டணத்து வியாபாரி கதையைக் கேளுங்க. அதோ, மசூதிக்குப் பின்னாடி எருமைக் கொம்பாட்டம் வளைஞ்ச கூரை தெரியுது பாருங்க, அந்த வீட்டை ஒத்திக்கு எடுத்தான். வீடு, தோட்டம், கிணறு எல்லாம் பேசி முடிச்சு, குடி வர்ற அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, வாசப்படி அதுல சேரல.

— படி சேரலையா?

— படியைக் கட்டினது இன்னொரு கிளையோட மாமன். வீடு பெரிய கிளையோடது, படி சின்னக் கிளையோடது. ரெண்டுக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. அதுல குத்தம் சொல்ல முடியாது. மேடான்காரன் நல்லவன். ஏணி ஒண்ணு வாங்கி ஜன்னல் வழியாவே குடித்தனம் பண்ணினான். மகளைக் கட்டிக் கொடுத்ததும் ஜன்னல் வழியாத்தான். மாப்பிள்ளை குண்டு. ஊரே கீழேருந்து தள்ளிச்சு.

— நம்பற மாதிரி ஏதாவது சொல்லுங்க. ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?

— பொய் சொல்லும்போது வாங்கும். உண்மை பேசிப் பார்த்ததில்ல, அதுக்கு என்ன ஆகும்னு தெரியாது.

— ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டை ஒத்திக்கு விடற வீட்டுக்காரரே வந்த ஆளை விரட்டறது எந்த ஊர் வழக்கம்?

— யாரு வீட்டுக்காரன்? நானா? சார், நீங்க ஜாவாக்காரர், தெரியாது. இங்க வீடு, வயல், எல்லாம் தாய் கிட்டேருந்து மகளுக்குப் போகும். ஆம்பளைங்க அத்தனை பேரும் வீட்டோட மாப்பிள்ளை. ஒரு பெட்டியோட வருவோம், மரியாதையா நடத்துவாங்க, சோறு முதல்ல நமக்குத்தான் வைப்பாங்க. மேல இருக்கற அந்தக் குலத்துப் பெரியவீட்டுல எனக்குன்னு ஒரு ஆணி இருக்கு, சட்டை மாட்ட. அந்த ஆணியும் மச்சான் அடிச்சது.

— அப்போ உங்ககிட்ட பேசறதுல பிரயோஜனமே இல்ல.

— அதைத்தான் நானும் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன். அவ வர நேரமாகும். படாங் பஸ் இதோ வந்துடும். பக்கத்துச் சரிவுல வேற ஊர் இருக்கு, பனியும் கம்மி, மாமன்களும் கம்மி. கிளம்புங்க. உங்க சம்சாரத்துக்கு நல்ல இடமா அமையட்டும், மனசாரத்தான் சொல்றேன்.

— கிளம்பறேன். உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க.

— எங்கிட்ட என்ன சொல்லணும் ஐயா? பையைக் கீழ வைங்க. ஏங்க சுத்தான், இவருக்கு எதைச் சொன்னீங்க? ஏணிக்காரன் கதையா?

— சுருக்கமாத்தான் சொன்னேன், ரோஸ்னிடார்.

— நான்தான் ரோஸ்னிடார், ஐயா. இவர் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். தென்னை நான் வெச்சது. படி என் அம்மா கட்டினது, அது வீட்டோட சேர்ந்தது. கதவை நல்லா பூட்டிக்குங்க, நாங்களும் பூட்டுறோம்.

— அப்போ மீனும் பொய்யாம்மா?

— மீனு மட்டும் நிஜம். என் தங்கச்சியோடதுதான். தொட்டீங்கன்னா தொலைஞ்சீங்க.

— ரோஸ்னிடார், வேண்டாம்னு ராத்திரியே சொன்னேன்.

— சொன்னீங்க. இருமிக்கிட்டே சொன்னீங்க, பாதி காதுல விழல. விக்னியோ ஐயா, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இவர் நெஞ்சுல ஒரு வால்வு பழுது. படாங் பெரியாஸ்பத்திரிக்குப் போய் அறுத்து வேற வைக்கணும். ஒத்திப் பணம் அதுக்குத்தான். அது தெரிஞ்சுதான் இவர் உங்களைத் துரத்தறார்.

— வாழணும்கற ஆசை இல்லையா பெரியவரே உங்களுக்கு?

— நிறைய இருக்கு. ஆனா சார், இது அவ அம்மா, அம்மாவோட அம்மா காத்த மண்ணு. எனக்காக அதை வெளியாள் கையில கொடுத்தான்னா, நாளைக்கு இவ தங்கச்சிங்க என்ன சொல்வாங்க? விருந்துக்கு வந்தவன் நிலத்தையே சாப்பிட்டுப் போயிட்டான்னு சொல்வாங்க. நான் போய்ச் சேர்ந்துடுவேன், இவ இங்கேயேதான் இருக்கணும்.

— அதோட முறையும் ஒண்ணு இருக்கு, ஐயா. அதையும் நானே சொல்லிடறேன். குலத்து நிலம் நாலு காரியத்துக்குத்தான் ஒத்திக்குப் போகலாம். வீட்டுல பிணம் கிடந்து அடக்கத்துக்கு வழி இல்லேன்னா. வயசு வந்த பொண்ணு கல்யாணமாகாம நின்னா. குலத்தலைவருக்குப் பட்டம் கட்டணும்னா. பெரியவீட்டுக் கூரை போயிட்டா.

— புருஷனுக்கு வைத்தியம்?

— அப்படி அஞ்சாவதா ஒண்ணு கெடையாது.

— நான் செத்தாக்கூட அந்த முதல் காரணத்துல சேராது, சார். நான் இந்தக் குலம் இல்ல. என் பிணத்தை என் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆக, இங்க என் பிணம்கூடச் செல்லாது. ரோஸ்னிடார், இவரைப் போக விடு. குலத்து நிலத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது உன் அண்ணன், அவர் எந்தக் காரணத்துக்கு ஒத்துக்குவார்?

— ஒத்துக்கிட்டார். காலையில வந்து பார்த்துட்டுத்தான் போனார். பெரியவீட்டுல பின்பக்கக் கூரை பிஞ்சு, நடுக்கூடத்துல வானம் தெரியுது. கூரை போச்சுன்னா கொடுக்கலாம்னுட்டார். பழுது பார்க்க ரெண்டு தகரமும் பத்து ஆணியும் ஆகும். மிச்சம் படாங்குக்கு.

— நேத்து வரைக்கும் அந்தக் கூரை நல்லாத்தானே இருந்துச்சு. நான் படுத்தபடி அதைத்தானே பார்த்துட்டிருக்கேன், என் தலைமுடியைவிட அதைத்தான் நல்லா தெரியும் எனக்கு.

— காத்து.

— விடிகாலையில நீங்க பஸ்ல வந்தீங்களே விக்னியோ சார், வழியில காத்து எதுவும் அடிச்சுதா?

— ரயில்வேக்காரன் பொய் சொல்லக் கூடாது, சுத்தான். ஒரு இலைகூட அசையல.

— காத்துதான்னு அண்ணன்கிட்ட சொல்லியாச்சு. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கதான் வர்றார், நீங்க ரெண்டு பேரும் போய் என் கட்டிலுக்கு அடியில இருக்கற கடப்பாரையை முதல்ல எடுத்து மறைங்க.