திருத்தப்பட்ட விதி

பிறர் உரையாடலைச் செவிமடுப்பது என் வழக்கமன்று. ஆயினும், கல்முனையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் முன்னிருக்கை இளைஞர் கூறியதைக் கேட்காதிருக்க இயலவில்லை.

“சரியாக்கினதுக்குத்தான் மச்சான் என்னைய வேலையால நிப்பாட்டினாங்க.”

“என்னத்தச் சரியாக்கின நீ?” என்றார் அருகிலிருந்த நண்பர்.

“கணக்கெல்லாம் கிடக்கிற தரவுத்தளத்துக்கிட்ட நாம எழுதிக் கேக்கிற கேள்விய வாசிக்கிற புரோகிராம். அதுல, கேள்விய எப்பிடி விளங்கணும் என்டு சொல்ற ரெண்டு இலக்கண விதி மோதினதால, சில கேள்விய அது பிழையா விளங்கிச்சு. நான் விதியத் திருத்தினன்.”

“நல்லதுதானே?”

“ஒரு வாடிக்கையாளர் அந்தப் பிழையான விடையிலதான் இவ்வளவு நாளும் ஏவாரம் நடத்தியிருக்காரு. விடை மாறினதும் சண்டைக்கு வந்துட்டாரு. எங்கட கம்பனிச் சேர் பழைய விதியவே போட்டு, மோதுது என்டு வாற எச்சரிக்கையையும் நிப்பாட்டிட்டாரு.”

“உம்மாக்குச் சொன்னியா?”

“லீவு என்டு சொல்லியிருக்கன். எத்தின நாள் என்டு இன்னும் கேக்கல்ல.”