ஸ்ம்ருதிக்கு எழுத ஒரு விஷயம்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகூட ஒரு போன் போட்டால் வந்துவிடும், சார். நல்ல இங்கிலீஷ் டியூஷன் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. மாடம்பாக்கத்தில் ஜெயசீலி டீச்சரைத் தேடிப் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

என் மகள் ஸ்ம்ருதி இன்டர்நேஷனல் சிலபஸ், பத்தாம் வகுப்பு. இங்கிலீஷில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அதில் அவள் புலி. அடுத்து, சொந்தமாக ஒரு கதை எழுத வேண்டும். அதில்தான் வழுக்கினாள்.

"கிராமர்லாம் பர்ஃபெக்ட் சார்," என்றார் டீச்சர். "ஆனா ஃபீலிங்கே இல்ல. கஷ்டம்னா என்னன்னே குழந்தைக்குத் தெரியல. எழுத ஏதாவது வேணும்ல?"

அவர்மேல் தப்பில்லை. எல்லா டீச்சர்களும் சொல்வதுதான். ஆனால் நான் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற அப்பா இல்லை. கெமிஸ்ட்ரிக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் பாரிமுனை வரை போய் வாங்கி வருகிறவன். இதையும் நான்தானே வாங்கித் தர வேண்டும்?

முதலில் தெரு நாய். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் கிடக்கும். ஸ்கூல் வேன் வந்தால் ஓடிப்போய் அவள் பையை முகரும். பிஸ்கட்டில் எலி மருந்தைக் கலந்து வைத்தேன். அவள் அழுததைப் பார்க்க எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் எழுதியதைப் படித்து டீச்சர் கண் கலங்கிவிட்டார். "இப்பத்தான் சார் உயிரே வந்திருக்கு," என்றார்.

மாதிரித் தேர்வில் மறுபடி மார்க் இறங்கியது. ஒரே நாயை எத்தனை தடவை எழுதுவாள்?

என் மனைவி காமு நல்லவள். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் எப்போதும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். அவளுக்கு மூச்சு முட்டிய அன்று அது என் சட்டைப்பையில் இருந்தது. ஸ்ம்ருதி வீட்டையே புரட்டிப்போட்டாள். "எங்கப்பா வெச்சீங்க?" என்று கத்தினாள். நானும் கூடவே தேடினேன். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். எங்கள் ஜங்ஷன் டிராஃபிக் உங்களுக்குத் தெரியாததா?

பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவளிடம் கேட்டேன்.

"அம்மாவைப் பத்திதான்பா எழுதினேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அம்மா ஆட்டோல வந்து இறங்கறாங்க. வெண்டைக்காய் நறுக்கறாங்க. என்னைத் திட்டறாங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதான்பா. அதுலயாவது ஒண்ணும் ஆகாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரிசல்ட்டில் இங்கிலீஷ் மட்டும் சறுக்கிவிட்டது. நான் இடிந்து போனேன், சார். அவளைக் குறை சொல்லவில்லை. நான் கொடுத்தது போதவில்லை, அவ்வளவுதான். நவம்பரில் மறுபடி எழுதலாம் என்கிறார்கள். கொடுப்பதற்கு வீட்டில் இனி நான் ஒருவன்தான் பாக்கி.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இன்றுவரை அவளுக்கும் தெரியாது. நானே ஸ்டேஷனுக்கு வந்து காமுவைக் கொன்றது நான்தான் என்று சொல்வது அதனால்தான். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என்னை இங்கேயே பிடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள். ஸ்ம்ருதி ஸ்கூல் விட்டு வந்த பிறகு வீட்டுக்கு வந்து, அவள் கண் முன்னால் விலங்கு மாட்டி, மெதுவாகக் கூட்டிப் போங்கள். குழந்தை நன்றாகப் பார்க்கட்டும்.