யாருக்கு இன்னும்

— அந்தப் பசைச் சட்டியைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியைக் கொஞ்சம் பாருங்கக்கா. நீங்கதானே அடுக்கினீங்க?

— வேற யாரு முதலாளி அடுக்குவா? இந்த பைண்டிங் ரூம்ல நானும் கட்டிங் மிஷினும்தான். அதுக்குக் கை கிடையாது.

— ஐந்நூறு காப்பி. ஐந்நூறுலயும் இருபதாவது பாரம் அதோட இடத்துல இல்ல. புத்தகத்தோட கடைசியில போய் உக்காந்திருக்கு.

— உக்காந்திருக்கா?

— ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம்கா. முந்நூத்தஞ்சுலேருந்து முந்நூத்திருபது வரைக்கும். ஆயிரத்திருநூறாம் பக்கத்தைத் திருப்பினா முந்நூத்தஞ்சு வருது. என் தலையெழுத்து.

— எழுபத்தஞ்சு பாரம் முதலாளி. இந்தப் பெரிய மேஜையைச் சுத்தி எழுபத்தஞ்சு குவியல் வச்சு, ஒவ்வொண்ணுலேருந்தும் ஒண்ணு எடுத்துக்கிட்டே நடக்கணும். ஒரு சுத்துக்கு ஒரு புத்தகம். ஐந்நூறு சுத்து. அவ்வளவு தூரம் நேரா நடந்திருந்தா அடுத்த நாட்டுக்கே போயிருப்பேன்.

— ஒரு குவியலை இடம் மாத்தி வச்சா ஐந்நூறும் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?

— கண்ணு மங்கிப்போச்சு முதலாளி.

— போன வாரம் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோத்தீங்க. நான் பாத்தேன்.

— அது கைப்பழக்கம்.

— மச்சான் நாலு மணிக்கு வர்றாரு. என் பொண்டாட்டியோட கூடப் பொறந்த அண்ணன். இருபத்திரண்டு வருஷம் உக்காந்து எழுதின விண்வெளி நாவல். புத்தகம் வந்த ரெண்டு மாசமா அதைப் பிரிக்கக்கூட மனசு வராம அலமாரியில வச்சு அழகு பாத்துக்கிட்டு இருந்தவரு, இன்னைக்குக் காலையில பிரிச்சுட்டாரு.

— ஐயா என்ன சொன்னாரு?

— போன்ல மூச்சு மட்டும் விட்டாரு. அப்புறம் 'யார் அடுக்கினா'ன்னு ஒரே கேள்வி. அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவர் சொன்னா உங்களை வேலையிலேருந்து நிறுத்தித்தான் ஆகணும். இல்லேன்னா எனக்கு வீட்டுல சோறு கிடையாது.

— இங்க வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு முதலாளி.

— எனக்குத் தெரியாதா? அதான் வாசகர் கடிதத்தையெல்லாம் கட்டோட தூக்கிட்டு வந்திருக்கேன். அவர் வர்றதுக்குள்ள இதுல நம்மளைக் காப்பாத்துற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாப்போம். நான் படிக்கிறேன், கேளுங்க. 'ஐயா, முந்நூற்று நான்காம் பக்கத்தில் கப்பல் கருந்துளைக்குள் நுழைகிறது. தளபதி எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்து, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று கேட்கிறார். இருபது வருடமாக விண்வெளிக் கதை படிக்கிறேன். கருந்துளையின் ஈர்ப்பு விசையை இவ்வளவு உண்மையாகச் சொன்னவர் யாருமில்லை.'

— நல்லாத்தானே சொல்லியிருக்காரு.

— அது தளபதி கேக்கறதில்லக்கா, கப்பல் சமையல்காரர் கேக்கறது. எல்லாருக்கும் வயிறு கெட்டுப்போய் அவர் சூப் வச்சுக் கொடுக்கிற இடம். முந்நூத்திருபதாம் பக்கம் முடியும்போது கரண்டியைத் தூக்கி, 'யாருக்கு இன்னும்'னு ஆரம்பிக்கிறாரு. அடுத்த பக்கத்துல, 'வயிற்றுப்போக்கு நிற்கவில்லை'. நீங்க அந்த வாக்கியத்தை ரெண்டா வெட்டி, தலையைக் கொண்டுபோய்க் கடைசியில வச்சுட்டு, வாலைத் தளபதி வாயில வச்சுட்டீங்க.

— நீங்க முழுசா படிச்சீங்களா முதலாளி?

— நான் பதிப்பாளர்கா. நான் எதுக்குப் படிக்கணும்? காலையில மச்சான் போன் பண்ணதுக்கப்புறம் இந்த நாலு பக்கத்தைப் பாத்தேன். அடுத்ததைக் கேளுங்க. 'நான் லிஃப்ட் இயக்குபவன். மாடிக்கு இரண்டு வரி வீதம் படித்துவருகிறேன். இப்போது எண்பதாம் பக்கம். நான் ஓய்வு பெறுவதற்குள் பேரரசு விழுமா என்று மட்டும் தெரிவிக்கவும்.'

— விழும்னு எழுதிப் போடுங்க. பாவம்.

— இது பாருங்க, மூணு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. 'ஏழு கிரகங்கள் அழிந்து, மூன்று பேரரசுகள் சரிந்தபின், பகைவர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சூப் குடிக்கிறார்கள். சமையல்காரர் கரண்டியைத் தூக்கி, யாருக்கு இன்னும் என்கிறார். அதோடு நாவல் முடிகிறது. முற்றுப்புள்ளிகூட இல்லை. பிரபஞ்சத்துக்கு ஏது முற்றுப்புள்ளி? நான் அழுதுவிட்டேன். என்ன ஆச்சு என்று மனைவி வந்து கேட்டாள். யாருக்கு இன்னும் என்றேன். எனக்கு வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றாள்.'

— அழுதாராமா?

— அழுதாராம். இதுல இன்னும் பதினொரு பேரு அழுதிருக்காங்க. ஒரு கணக்கு வாத்தியார் என்ன எழுதியிருக்கார் பாருங்க. 'பக்க எண்கள் இரண்டு இடங்களில் முன்னே தாவுகின்றன. கடைசியில் ஒரேயடியாகப் பின்னே போகின்றன. ஒளியை முந்தினால் காலம் இப்படித்தான் நடக்கும் என்பதைப் பக்க எண்ணிலேயே காட்டிய ஆசிரியருக்கு வணக்கம்.'

— ரெண்டு இடம்னா எழுதியிருக்காரு?

— ஒரு இடம்தான். முந்நூத்தி நாலுக்கு அடுத்து முந்நூத்திருபத்தொண்ணு. கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியல, விடுங்க. இது கடைசி. 'கதை எனக்குப் புரியவில்லை. ஆனால் அட்டை பிரமாதம். தலையணை மாதிரி தடிமன். மத்தியானத்தில் அதன்மேல் தலைவைத்துப் படுக்கிறேன். கழுத்துவலி போய்விட்டது.'

— என் வேலையையும் ஒருத்தர் பாராட்டியிருக்காரு பாருங்க.

— அட்டையா இப்ப முக்கியம்? படியில செருப்புச் சத்தம் கேக்குது. நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் பேசிக்கறேன். வாங்க மச்சான், வாங்க. அந்த ஸ்டூல்ல பசை கொட்டியிருக்கும், இதுல உக்காருங்க.

— உக்கார வரல மாப்பிள்ளை. இவங்கதானா?

— இவங்கதான். ஏதோ தெரியாம...

— அவங்களைத்தான் கேக்கறேன். அம்மா, இது எப்படி நடந்துச்சு?

— கைத்தவறுங்க ஐயா.

— கைத்தவறா. வர்ற வழியெல்லாம் உங்களை என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஏழு கிரகத்தை அழிச்சவன், எனக்கு வழியா தெரியாது? ஆனா கைத்தவறுன்னா யாரைப் போய்க் கோவிச்சுக்கறது? வேணும்னு யாரும் பண்ணல. அவங்க வேலையில இருக்கட்டும் மாப்பிள்ளை.

— என் வயித்துல பாலை வார்த்தீங்க மச்சான்.

— ஆனா ஒண்ணு. ரெண்டாவது பதிப்புல எழுபத்தஞ்சு பாரமும் நான் எழுதின வரிசையில வரணும். ஒண்ணு விடாம.

— அவ்வளவுதானே? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அக்கா, சரின்னு சொல்லுங்க.

— பசை காயுது முதலாளி.

— அக்கா, ஐயா நிக்கிறாரு. சரின்னு சொல்லுங்க.

— முடியாது முதலாளி.

— அக்கா.

— பொய் சொன்னேன் ஐயா. கைத்தவறு இல்ல. படிச்சுட்டுத்தான் மாத்தி அடுக்கினேன்.

— என் தலையெழுத்து.

— நீங்க இருங்க மாப்பிள்ளை. எதைப் படிச்சீங்கம்மா?

— எல்லாத்தையும். தாளை மடிக்கும்போது கொஞ்சம், மத்தியானம் சாப்பிடும்போது கொஞ்சம். முப்பதாம் பாரத்துலேருந்து நாப்பது வரைக்கும் ஒரே போர் ஐயா. உள்ள சண்டை போடறவங்களுக்கும் போர், வெளிய படிக்கிறவங்களுக்கும் போர். சொல்லக்கூடாது, ரெண்டு தடவை தூங்கிட்டேன். தளபதி பொண்டாட்டிகிட்டப் பேசறதுகூட மேடையில மைக் பிடிச்ச மாதிரிதான் இருக்கு. ராணிக்கு இருபத்தெட்டாம் பாரத்துல நீலக் கண்ணு, அம்பத்திரண்டுல பச்சைக் கண்ணு.

— பச்சையா?

— பச்சைதான் ஐயா. ஆனா அந்தச் சமையல்காரர் இருக்காரே, கப்பல்ல அவர் ஒருத்தர்தான் யாரையும் சுடல. அத்தனை பேரும் கிரகத்தைப் பிடிக்க ஓடுறாங்க, அவர் உப்பு தீந்துபோச்சேன்னு கவலைப்படறாரு. அந்த மனுஷனைப் போய்க் கொன்னுட்டீங்க. கொன்னதுக்கப்புறம் பதினாலு பாரம் எழுதியிருக்கீங்க, அதுல ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டதா ஒரு வரி கிடையாது. எனக்குப் பொறுக்கலைங்க. அதான் எல்லாரும் உக்காந்து சூப் குடிக்கிற பாரத்தை எடுத்துக் கடைசியில வச்சேன். அதைத் திரும்பப் பழைய இடத்துல வைன்னா என் கை வராது. என்னை நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. அவங்களை அந்த மேஜையிலேருந்து எழுப்பாதீங்க.

— பதினெட்டு வருஷம் உங்களை நம்பினேன்கா. இதுக்கு மேல என் கையில இல்ல. நாளையிலேருந்து நீங்க...

— ஒரு நிமிஷம் மாப்பிள்ளை. சமையல்காரரைக் கொல்லச் சொன்னது யாரு?

— யாரு?

— நீங்கதான்.

— நானா? நான் அந்த நாவலைப் படிக்கவே இல்லையே மச்சான்.

— படிக்காமத்தான் சொன்னீங்க. 'இவ்வளவு பெரிய நாவல்ல பாவப்பட்டவன் ஒருத்தன் செத்தாத்தான் வாசகர் அழுவாங்க'ன்னீங்க. தேடிப் பாத்தேன். கப்பல்ல பாவப்பட்டவர்னு அவர் ஒருத்தர்தான் இருந்தாரு. எழுதிட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. என் தங்கச்சியைக் கேட்டுப் பாருங்க.

— ஆனா அழுதிருக்காங்களே மச்சான். இந்தக் கட்டைப் பாருங்க, பன்னிரண்டு பேரு.

— குடுங்க. இவர் சூப்புக்கு அழுதிருக்காரு. இவங்களும் சூப்புதான். இதுவும் சூப்பு. அவர் செத்ததுக்கு ஒருத்தரும் அழலையே மாப்பிள்ளை.

— எதுக்கு அழுதா என்ன மச்சான், அழுதாங்கல்ல?

— அம்மா, ரெண்டாவது பதிப்பும் இப்படியே இருக்கட்டும். இரண்டாம் பாகம் எழுதிக்கிட்டிருக்கேன். முடிச்சதும் பக்க எண் போடாம உங்ககிட்டக் கொண்டுவந்து தர்றேன். ராணி கண்ணு என்ன நிறம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

— அப்ப என் வேலைங்க ஐயா?

— நீங்க இல்லேன்னா இரண்டாம் பாகமே இல்ல. மாப்பிள்ளை, கேட்டுச்சா?

— கேட்டுச்சு மச்சான். என் பொண்டாட்டிகிட்டயும் இதையே சொல்லிடுங்க.

— ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. தொள்ளாயிரத்து எழுபதாம் பக்கத்துல செத்தவரு கடைசியில வந்து சூப் ஊத்தறாரு. செத்தவரு எப்படி வந்தாருன்னு ஒரு வாசகராவது கேட்டிருக்கணுமே?

— ஆயிரம் பக்கத்தை யாரு மச்சான் ஞாபகம் வச்சுக்கறா?

— தளபதி வயிறு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க. அந்தப் புத்தகத்தை இப்படிக் கொடுங்க. தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, தொள்ளாயிரத்து அறுபது, தொள்ளாயிரத்து எழுபத்தேழு. அம்மா, அறுபத்தொண்ணாவது பாரம் எங்க?

— நீங்க எழுதினதைக் குப்பையில போட மனசு வரலைங்க ஐயா. ஐந்நூறு அட்டைக்குள்ளயும் வச்சு ஒட்டியிருக்கேன். அதான் தலையணை மாதிரி இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே.