அழைப்பு வராத பிரிவு

வந்து உட்கார்ந்ததும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். விசாரணைக்கு வந்தவளிடம் அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் கேட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்தத் தெம்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை.

குடியை விட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரிப்பது ஒரு திட்டம். அறிவுரையெல்லாம் கிடையாது. சாப்பிட்டீர்களா, தூக்கம் வந்ததா, அவ்வளவுதான். அதனால் பலன் உண்டா என்று மதிப்பிட என்னை அமர்த்தினார்கள். பாதிப் பேருக்குப் போன் போகும், மீதிப் பேருக்குப் போகாது. கடைசியில் இரண்டு பிரிவையும் ஒப்பிடுவோம். யார் எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளைப் பார்த்துப் பிரித்தால் ஆராய்ச்சி குப்பைக்குத்தான் போகும்.

அந்த முறை மையத்தில் இருந்தவர்களில் ஒருவன் என் தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். பெரியவனானதும் குடிக்க ஆரம்பித்தான். என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்வான், நான் நம்புவேன், அடுத்த வாரமே மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து நிற்பான். எனக்கு அலுத்துவிட்டது. அவன் என் தம்பி என்று மையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவனும் சொல்லக் கூடாது என்றேன். "உனக்கு அசிங்கம்னா சொல்லலக்கா" என்றான்.

அவன் போன் வராத பிரிவுக்குப் போனான். அந்தப் பிரிவுக்காரர்களிடம் நாங்கள் யாரும் நலம் விசாரிக்கக் கூடாது, விசாரித்தால் ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் வீடு திரும்பிய அவன் கூப்பிட்டால் எடுப்பதை நிறுத்தினேன். அவன் மனைவி அலுவலகத்துக்கே வந்து, ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணி என்று அழுதாள். ஆராய்ச்சி முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். நான் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன்.

"உள்ளதான் இருக்கே, தெரியும். செருப்பு வெளியே கிடக்கு" என்றான். "மையத்துல என்கூட இருந்த தச்சருக்கு வாராவாரம் போன் வருதாம். எனக்கு மட்டும் வரல. இவன் தேற மாட்டான்னு முடிவு பண்ணிட்டாங்களாக்கா?" என்று கேட்டான்.

நான் கதவைத் திறக்கவில்லை.

"நீயாவது சாப்பிட்டியான்னு கேளேன்" என்றான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் அவனைக் கண்டெடுத்தார்கள். நிறையக் குடித்திருந்தான் என்று நீங்களே சொன்னீர்கள்.

விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் கதவைத் திறக்கவில்லை என்று முதலில் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அதில் பாதி பொய். குலுக்கலில், போன் பேசும் பெண் சீட்டை எடுத்துத் தருவாள், நான் பெயரை வாசிப்பேன். போன் வரும் பிரிவுக்கு அவள் எடுத்த கடைசிச் சீட்டில் என் தம்பி பெயர் இருந்தது. நான் தச்சர் பெயரை வாசித்தேன். பெட்டியில் மிஞ்சியதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தச்சர் நல்ல திடமான ஆள், இன்றுவரை குடியைத் தொடவில்லை.

தம்பி எப்படியும் குடிப்பான் என்று நினைத்தேன். போன் வந்தும் குடித்தால் நல்ல திட்டம் ஒன்றின் பெயர் கெடும். போன் வராமல் குடித்தால் திட்டத்துக்கு வலு. இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் உதவாதவன் இதற்காவது உதவட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கேட்டதற்குப் பதில் ஆமாம் என்பதுதான். முடிவு பண்ணியது நான்.

ஆனால் அன்று வாசலில் நின்றவன் தள்ளாடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு, தலையை நான் வாரிவிட்ட மாதிரியே வகிடெடுத்துச் சீவியிருந்தான். யாரும் கூப்பிடாமலே நிமிர்ந்து நின்றான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம், இன்ஸ்பெக்டர். இவன் தேறிவிடுவானோ என்று.