வாசலில் நின்ற லாரிகள்

சாயங்காலத் திருவொற்றியூர் பஸ். முன் சீட்டில் கன்டெய்னர் யார்டு சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“காலைல பாதி புரோகிராமை அழிச்சிட்டேன் மாமு. அதுக்கப்பால கேட்டாண்ட ஒரு லாரிகூட நிக்கல.”

“கன்டெய்னர் சீல் செக்கிங்கையா அழிச்ச?”

“அது அப்டியே கீது. கஸ்டம்ஸ் வேலை, அத்த சுளுவாக்க முடியாது. நான் அழிச்சது பிரிண்டரு மேட்டரு. ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு அடிக்கச் சொல்லி புரோகிராமு மூணு தபா பிரிண்டரைக் கூப்ட்டுப் பாத்துட்டுத்தான் கேட்டைத் தொறக்கும்.”

“பிரிண்டரா? அத்த காயலாங்கடைல போட்டு நாலு வருசம் ஆச்சே.”

“அதான். கூப்ட்டா யாரு பதில் சொல்றது? அதுக்கோசரம் காத்துகினே கீது.”



“நான் டிரைவருங்களையில்ல திட்டிகினு இருந்தேன்.”

லாரி வரிசையில் பஸ்ஸோடு நாங்கள் தினமும் அரைமணி நேரம் மாட்டிக்கொள்ளும் அந்த யார்டு வாசலை பஸ் நிற்காமல் கடந்தது.